எனக்கு அப்பவே தெரியும்: ஞாபகம், உள்ளுணர்வு, அந்த நான்கு எழுத்து

வெள்ளவத்தையில் ஒரு கலியாணப் பேச்சு குழம்பினால், அடுத்த நாளே உறவுக்காரர் ஒருவர் சொல்லுவார்: "பெடியனைப் பார்த்தவுடனேயே எனக்கு அப்பவே தெரியும்." கோட்டைப் பக்கத்துக் கந்தோர்களிலும் இதே கதைதான். புதிதாகச் சேர்ந்தவர் மூன்று மாதத்தில் விட்டுப் போனால், நேர்முகத் தேர்வில் இருந்தவர்களில் ஒருவருக்கு அப்பவே தெரிந்திருக்கும். அண்மைக் காலத்தில் இந்த வசனத்துக்கு ஒரு துணையும் கிடைத்திருக்கிறது, மயர்ஸ்–பிரிக்ஸ் என்ற ஆளுமைக் கேள்வித்தாள் ஆளுக்குக் குத்தும் நான்கு எழுத்து முத்திரை: "நான் ஐ.என்.எஃப்.ஜே. எங்களுக்கு இப்படித்தான், முன்கூட்டியே பிடிபட்டுவிடும்." எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் தன்னை ஐ.எஸ்.எஃப்.ஜே. என்கிறார். அவருக்கு ஊகம் வராதாம். ஆனால் 2009இல் யார் என்ன நிறச் சேலை கட்டினார் என்பதுவரை ஞாபகம் இருக்குமாம்.

ஒருவருக்கு உள்ளுணர்வு, மற்றவருக்கு ஞாபகம் என்று பாகம் பிரித்துக் கொடுக்கும் இந்தப் பங்கீடு கேட்க நன்றாக இருக்கிறது. பிழை என்னவென்றால், இவை இரண்டும் வெவ்வேறு சொத்து இல்லை. உள்ளுணர்வு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, தன் பெயரைச் சொல்லாமல் வேலை செய்யும் ஞாபகம். அது எங்கே சேர்ந்தது, பிழைத்தபோது யாராவது திருத்தினார்களா என்பதில்தான் அதன் தரம் தங்கியிருக்கிறது. நான்கு எழுத்து அதைச் சொல்லாது.

முதலில் எழுத்துகளின் பூர்வீகம். கார்ல் யுங் 1921இல் உளவியல் வகைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். உலகத்தை உள்வாங்க இரண்டு வழி என்றார்: புலனறிவு, உள்ளுணர்வு. உள்வாங்கியதை எடைபோட இரண்டு வழி: சிந்தனை, உணர்ச்சி. ஒவ்வொன்றும் வெளிநோக்கியோ உள்நோக்கியோ இயங்கலாம். அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும் அதைக் கேள்வித்தாளாக்கினார்கள். இருவருமே உளவியல் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். நான்கு அளவுகோல், ஒவ்வொன்றிலும் இரண்டில் ஓர் எழுத்து: அப்படித்தான் 16 வகைகள் வந்தன.

இணையத்தில் அடிக்கடி காணும் ஒரு சமன்பாடு உண்டு: 'உள்நோக்கிய புலனறிவு என்றால் ஞாபகசக்தி, உள்நோக்கிய உள்ளுணர்வு என்றால் முன்னறிவு.' யுங் அப்படி எழுதவில்லை. உள்நோக்கிய புலனறிவு என்று அவர் சொன்னது, ஒரு பொருள் ஒருவருக்குள் கிளப்பும் அகப்பதிவு பொருளைவிடப் பெரிதாகிவிடுவதை. ஒரே காலிமுகத்திடலில் ஒரே மாலையில் நிற்கும் இருவரில், ஒருவர் கடலைப் பார்க்கிறார். மற்றவர் கடல் தனக்குள் செய்வதைப் பார்க்கிறார். இது ஞாபகத்தின் அளவோ கூர்மையோ அல்ல. சமன்பாடு பின்னால் வந்தவர்கள் ஒட்டியது.

கேள்வித்தாளின் உள்ளே ஒரு பொறி இருக்கிறது. தெரிந்துகொண்டால் பாதி மயக்கம் தீரும். 20 கேள்விகளில் 11 உள்ளுணர்வுப் பக்கம், 9 புலனறிவுப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 'என்' என்ற எழுத்துக் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு 19க்கு 1. அவருக்கும் அதே 'என்'. 9க்கு 11 எடுத்தவருக்கு 'எஸ்'. உங்களுக்கும் அந்த எஸ்காரருக்கும் உள்ள தூரம் இரண்டே கேள்வி. உங்களுக்கும் அந்த என்காரருக்கும் எட்டுக் கேள்வி. ஆனால் முத்திரை மறுபக்கமாகக் குத்துகிறது. உண்மையில் மக்களின் புள்ளிகளை வரைந்தால் இரண்டு குன்றுகள் வருவதில்லை. நடுவில் உயர்ந்த ஒரே மேடுதான் வருகிறது. அதாவது பெரும்பாலானோர் கோட்டுக்கு அண்மையில் நிற்கிறார்கள். கொஞ்சம் நித்திரைக் குறைவோ, அன்று மனேஜரோடு ஒரு சண்டையோ போதும், எழுத்து மாறிவிடும். ஐந்து வாரம் விட்டு மறுபடி எழுதியவர்களில் 50% வரையானோருக்கு ஏதாவது ஓர் எழுத்தாவது மாறியதாக டேவிட் பிட்டெஞ்சர் 1993இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே கேள்வித்தாளை ஐந்து வாரம் விட்டு இரண்டு தரம் நிரப்புங்கள். முதல் விடைகளை எடுத்துப் பார்க்காதீர்கள். எழுத்தை எழுதாமல் எத்தனைக்கு எத்தனை என்ற எண்ணை எழுதுங்கள். ஒரு முறை சனிக்கிழமை காலையிலும் மறுமுறை வேலைநாள் இரவிலும் செய்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்னொரு விஷயம், நம்மவர்களுக்கு நன்றாகப் புரியக்கூடியது. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு 'உங்களுக்கென்றே எழுதியது' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். பெரும்பகுதி தெருக்கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 'வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுவீர்கள்' என்ற மாதிரி. ஞாயிறு ராசிபலனைச் சிரித்துக்கொண்டு புரட்டுகிற ஒருவர், 16 வகை விளக்கத்தை வாசித்து 'ஐயோ, அப்படியே நான்' என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. பொருந்துகிறது என்ற அந்த உணர்வுக்கும் ஞாபகம்தான் காரணம். வாசகத்துக்கு ஒத்த சம்பவங்கள் தேடாமலே எழுந்து வருகின்றன, ஒத்துவராதவை எழுவதில்லை.

ஆனாலும் எழுத்துகள் முழுக் குப்பை அல்ல. மெக்ரேயும் கொஸ்டாவும் 1989இல் அவற்றை ஐங்காரணி அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். ஐங்காரணி என்பது புதியவற்றுக்குத் திறந்த மனம், ஒழுங்கும் பொறுப்பும், புறமுகத் தன்மை, இணக்கம், பதற்றத் தன்மை. புலனறிவு–உள்ளுணர்வு அளவுகோல் 'திறந்த மன'த்தோடு ஏறத்தாழ 0.7 அளவுக்கு (முழுப் பொருத்தம் என்றால் 1) ஒத்துப்போனது. ஆகவே 'என்' என்ற எழுத்து எதையோ அளக்கிறது: புதிய எண்ணம், கற்பனை, உருவகம் ஆகியவற்றில் உள்ள நாட்டத்தை. நாட்டம் வேறு, திறன் வேறு. அந்தக் கேள்வித்தாளை விற்பவர்களே அது விருப்பத்தை அளக்கிறது, ஆற்றலை அல்ல, ஆட்களை வேலைக்கு எடுக்க இதைப் பாவிக்கவேண்டாம் என்கிறார்கள். கர்நாடக சங்கீதத்தில் விருப்பம் என்று சொன்னவரை மேடையில் ஏற்றி ஆலாபனை பாடச் சொல்லமாட்டோம் அல்லவா? அதோடு, நான்கு எழுத்திலும் பதற்றத் தன்மைக்கு இடமே இல்லை. ஞாபகத்தைப் பற்றிக் கதைப்பதென்றால், விடுபட்டுப்போன அதுதான் முக்கியமானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உள்ளுணர்வு எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம்.

1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்கப் பலகையை 5 வினாடி காட்டி மறைத்தார்கள். நடு ஆட்டத்தில் நிற்கும் ஒரு பலகை. மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியான இடத்தில் வைத்தார், நல்ல ஆட்டக்காரர் 8, தொடக்கக்காரர் 4. காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டியபோது அந்த வித்தியாசம் கிட்டத்தட்டக் காணாமல் போனது. மாஸ்டரிடம் பெரிய ஞாபகப் பெட்டி இல்லை. ஆயிரக்கணக்கான அமைப்புகள் முகம் மாதிரிப் பதிந்திருக்கின்றன. தெரிந்த முகத்தை வீதியில் கண்டால் மூக்கு, கண் என்று எண்ணியா அடையாளம் காண்கிறோம்? அதே வேலைதான். உள்ளுணர்வு என்பது அடையாளம் காண்பதே, அதற்குக் கூடவுமில்லை குறையவுமில்லை என்று சைமன் பின்னர் எழுதினார்.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை இறக்கும் மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்குள் கையை விட்டு, நாலு வெங்காயத்தின் கழுத்தை நசித்து, விரலை மணந்து, 'இது இரண்டு நாள் தாங்காது' என்கிறார். கழுத்து மெத்தென்றிருந்தால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். ஈரப்பதன் கையில் தெரியும். புளித்த மணம் கண்ணுக்கு அழுகல் தெரியுமுன்பே வரும். அவரிடம் கேட்டால் இந்தப் பட்டியலைச் சொல்லமாட்டார், 'கை சொல்லுது' என்பார். இரண்டு நாளில் சில்லறைக் கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார் அல்லது அனுப்பவில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் விடை வருகிறது, சீக்கிரம் வருகிறது, பிழைத்தால் காசு போகிறது. செட்டியார் தெருவில் உரைகல்லில் நகையை இழுத்துப் பார்த்து மாற்றுச் சொல்பவருக்கும் அப்படித்தான்; அமிலம் ஒரு நிமிடத்தில் அவரைத் திருத்திவிடும்.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் உள்ளுணர்வு விடயத்தில் எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்கள். 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, இரண்டு நிபந்தனைகளில் உடன்பட்டார்கள். முதலாவது, அந்தத் துறையில் அறிகுறிக்கும் விளைவுக்கும் நிலையான தொடர்பு இருக்கவேண்டும். இரண்டாவது, அந்தத் தொடர்பைப் பழக நீண்ட காலமும் விரைவான பின்விடையும் கிடைக்கவேண்டும். இரண்டும் இருந்தால் மனம் சொல்வதைக் கேட்கலாம். ஒன்று இல்லாவிட்டாலும், எத்தனை உறுதியாக மனம் சொன்னாலும் அது சத்தம் மட்டும்.

க்ளைன் தீயணைப்பு அதிகாரிகளிடம் பேட்டி எடுத்தவர். ஒரு வீட்டின் பின்பக்கக் குசினியில் நெருப்பு. தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. அதிகாரிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, எல்லோரையும் வெளியே எடுத்தார், சற்று நேரத்தில் நின்ற தரை இடிந்து விழுந்தது. நெருப்பின் மூலம் நிலக்கீழ் அறையில் இருந்தது. அவர் அதைத் தனக்குள்ள ஆறாம் அறிவு என்று நம்பினார். துருவிக் கேட்டபோது அறிகுறிகள் வெளியே வந்தன: அந்த அளவு நெருப்புக்கு அறை அளவுக்கு மிஞ்சிய சூடு, அளவுக்கு மிஞ்சிய அமைதி, தண்ணீருக்கு அடங்காத தன்மை. பழகிய அமைப்போடு இது ஒத்துவரவில்லை என்று ஞாபகம்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறது.

கொழும்பில் அன்றாடம் மனம் சொல்லும் விடயங்களை இந்த இரண்டு நிபந்தனையிலும் உரசிப் பார்த்தால் வரிசை தானாக அமைகிறது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் ஓட்டுபவர், முன்னால் போகும் ஆட்டோ சிக்னல் போடாமலே திரும்பப் போகிறது என்று ஊகிப்பது நல்ல உள்ளுணர்வு. விடை இரண்டு வினாடியில் வருகிறது, ஒரு நாளில் நூறு தரம் வருகிறது. அனுபவமுள்ள தாதிக்குக் குழந்தையின் முகத்தைப் பார்த்தே 'இது சாதாரணக் காய்ச்சல் இல்லை' என்று படுவதும் மதிக்கவேண்டிய ஒன்று. பங்குச் சந்தையில் அடுத்த மாதம் எது ஏறும் என்ற உள்ளுணர்வுக்கு முதல் நிபந்தனையே இல்லை. நேர்முகத் தேர்வு இன்னும் மோசம். பார்த்தால் திறமை மாதிரியே இருக்கும். எடுத்தவர்களின் விடை மட்டும்தான் தெரியவரும், அதுவும் ஒரு வருடம் கழித்து, வேறு நூறு காரணங்களோடு கலந்து. வேண்டாம் என்று அனுப்பியவர் வேறெங்கோ ஒளிவீசினாலும் உங்களுக்குத் தெரியாது. இருபது வருடம் நேர்முகத் தேர்வு நடத்தியவரிடம் சில வேளைகளில் இருப்பது திருத்தப்படாத ஒரு வருட அனுபவம், இருபது தரம். கலியாணப் பேச்சில் 'பார்த்தவுடனே' சொல்பவரின் நிலையும் அதுவே.

உடம்புக்கு முதலில் தெரிந்துவிடும் என்ற பேச்சுக்கு அடிப்படையான ஒரு சோதனையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைப் பாதியாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அயோவாவில் பெஷாரா, டமாசியோ குழுவினர் நான்கு சீட்டுக்கட்டு வைத்தார்கள். இரண்டு கட்டில் சீட்டுக்கு 100 டொலர் வரவு. ஆனால் இடையிடையே பெரிய இழப்பு, பத்துச் சீட்டுக்கு 250 டொலர் நட்டம். மற்ற இரண்டில் 50 டொலர்தான் வரவு. பத்துச் சீட்டுக்கு 250 லாபம். 1997இல் வெளியான முடிவின்படி, சுமார் 10 சீட்டு எடுத்த பிறகு, கெட்ட கட்டை நோக்கிக் கை போகுமுன்பே உள்ளங்கை வேர்வையில் மாற்றம் தெரிந்தது. சுமார் 50ஆவது சீட்டில் 'ஏதோ சரியில்லை' என்றார்கள். 80 அளவில் பலருக்குக் காரணம் சொல்ல முடிந்தது. இதுவரை எல்லா இடத்திலும் வாசிக்கலாம். 2004இல் மாயாவும் மெக்லெலண்டும் அதே ஆட்டத்தில் இன்னும் நுணுக்கமான கேள்விகள் கேட்டபோது, ஆட்களுக்கு எது நல்ல கட்டு என்று முன்னரே வாயால் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருந்தது. முதல் குழு அப்படிக் கேட்கவில்லை. 'உடம்புக்குத் தெரிந்தது, மூளைக்குத் தெரியவில்லை' என்று எழுதுபவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அப்படியென்றால் ஆளுமைக்கு ஞாபகத்தில் ஒரு பங்கும் இல்லையா? உண்டு, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் அல்ல.

'திறந்த மனம்' கூடியவர்களுக்குச் சொல்வளமும் பொது அறிவும் ஓரளவு கூட. தொடர்பு ஏறத்தாழ 0.3. இதைச் சதுரித்தால் 0.09, ஆட்களிடையே காணும் வித்தியாசத்தில் 9% மட்டும் இதோடு சேர்ந்து போகிறது, மிச்சம் 91% வேறெங்கோ. காரணம் விளங்கக்கூடியது: ஆர்வம் இருந்தால் வாசிப்பார், வாசித்தால் சேரும்.

பதற்றத் தன்மையின் வேலை வேறு. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியது சுமார் நான்கு துண்டுதான் என்று நெல்சன் கோவன் 2001இல் கணக்கிட்டார். 'பிழைத்துவிடுமோ' என்ற எண்ணம் அதில் ஒன்றோ இரண்டோ இடத்தை எடுத்துக்கொண்டால், கணக்குக்கு மிஞ்சுவது மூன்றோ இரண்டோதான். உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் 'எல்லாம் தெரியும், ஒன்றும் வரவில்லை' என்று திணறும் பிள்ளைக்கு ஞாபகம் கெடவில்லை. மேசை நிறையச் சாமான் கிடக்கிறது, கொப்பி வைக்க இடமில்லை. 2011இல் ராமிரெஸும் பைலொக்கும் பரீட்சைக்கு முன் 10 நிமிடம் தன் பயத்தை ஒளிக்காமல் எழுதச் சொன்னபோது, பதற்றக்காரரின் புள்ளிகள் கூடின. எழுதவேண்டியது பயத்தைப் பற்றித்தான். வேறு எதையாவது எழுதினால் பலனில்லை. 'எனக்குப் பயமில்லை' என்று எழுதவைப்பது பெற்றோர் செய்யும் வழக்கமான பிழை.

பதற்றம் உள்ளுணர்வு வேடமும் போடும். இரண்டுக்கும் உடம்பில் ஒரே இடம்: வயிறு, நெஞ்சு. பிரித்தறிய ஒரு வழி உண்டு. பழகிய உள்ளுணர்வு குறிப்பாக ஒரு பொருளைக் காட்டும், 'இந்தச் சத்தம்', 'அந்தக் கையெழுத்து' என்று. பதற்றம் எதைப் பார்த்தாலும் ஒரே வசனத்தைச் சொல்லும். மூன்று வெவ்வேறு முடிவுகளில் ஒரே அடிவயிற்றுக் கலக்கம் வந்தால், அது அந்த மூன்றையும் பற்றிய தகவல் அல்ல.

ஒழுங்கும் பொறுப்பும் கூடியவர்கள், செய்யவேண்டியதை உரிய நேரத்தில் நினைவில் எடுப்பதில் ஓரளவு மேல். மற்றவர்களுக்கு நல்ல செய்தி: இது மிக மலிவாகக் கடன் வாங்கக்கூடிய குணம். பீட்டர் கோல்விட்சர் சொன்ன 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்ற வடிவம். 'நாளைக்கு மின்சாரக் கட்டணம் கட்டவேண்டும்' என்பது நிற்காது. 'மதியம் சாப்பாட்டுப் பெட்டியை மூடினவுடன் கட்டணத்தைக் கட்டுவேன்' என்பது நிற்கும். 94 சோதனைகளைத் தொகுத்த 2006ஆம் ஆண்டு ஆய்வு இதன் பலன் நடுத்தரத்துக்கும் மேல் என்று காட்டியது. பிழைப்பது இரண்டு இடத்தில். அடையாளமாக எடுத்த சம்பவம் தினமும் நடக்காததாக இருக்கும். அல்லது ஒரே சம்பவத்தில் நாலு வேலையைத் தொங்கவிடுவார்கள்.

புறமுகம், அகமுகம் பற்றியும் ஒரு வரி. ஹோவர்த், ஐசென்க் இருவரும் 1968இல் சோடிச் சொற்களைப் படிக்கவைத்தபோது, உடனே கேட்டால் புறமுகத்தாரும், அரை மணியோ ஒரு நாளோ கழித்துக் கேட்டால் அகமுகத்தாரும் கூட நினைவில் வைத்திருந்தார்கள். சுவையான முடிவு. அதை நம்பிப் படிப்பு முறையை மாற்றுமளவுக்குப் பெரிதல்ல.

வகையை விடப் பயிற்சி எவ்வளவு கனம் என்பதற்கு நம்மிடம் அவதானம் என்ற பழைய கலையே இருக்கிறது. புலோலியில் பிறந்து சென்னையில் பேர்பெற்ற நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி, நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலரும் சதாவதானி. வந்த கேள்விகளை வரிசையோடு பிடித்து வைத்து, இடையில் வெண்பாவும் பாடி, கடைசியில் எல்லாவற்றுக்கும் விடை சொல்லும் கலை அது. பிறவி வரம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு நாம் அதைக் கைவிட்டோம். 2017இல் மார்ட்டின் ட்ரெஸ்லர் குழு, ஞாபகப் பயிற்சியே இல்லாதவர்களுக்கு 40 நாள், நாளுக்கு அரை மணி, இடவரிசை முறையை, அதாவது பழகிய பாதையின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொருளை மனதால் வைத்து நினைவில் எடுக்கும் முறையை, பழக்கியது. 72 சொல்லில் 26 நினைவில் வைத்தவர்கள் 62க்கு ஏறினார்கள். நான்கு மாதம் கழித்தும் பெரும்பாலும் நின்றது. வகை கேட்டு ஆள் எடுக்கவில்லை.

இடவரிசைக்குக் காலி வீதி நல்ல பாதை: வெள்ளவத்தைச் சந்தை, பம்பலப்பிட்டியில் மெஜஸ்டிக் சிட்டி, கொள்ளுப்பிட்டிச் சந்தை, காலிமுகத்திடல், கோட்டை ரயில் நிலையம், இடையில் உங்களுக்குப் பழகிய இன்னும் ஐந்து. பத்து இடம் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை அசைவோடு, கொஞ்சம் அசிங்கமாகவே வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு கடைகளை அடுத்தடுத்து எடுத்தால் பொருள் இடம் மாறும். ஒரே பாதையில் தினமும் புதுப் பட்டியல் வைத்தால் நேற்றையது இன்றையதோடு கலக்கும். மூன்று பாதை வைத்துச் சுழற்றவேண்டும். பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட முக்கியம், வாசித்ததைத் திரும்பத் திரும்ப வாசிக்காமல் கொப்பியை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுவது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டியபடி, நான்கு தரம் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள், 83க்கு 71 என்று. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: ஒரு தரம் வாசித்து மூன்று தரம் நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61%, வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40%. வாசிக்கும்போது வரும் 'தெரியும்' என்ற உணர்வுதான் இங்கே பொய்க்கிறது. அதுவும் ஓர் உள்ளுணர்வுதான்.

முதலில் சொன்ன வசனத்துக்கு வருவோம். 1972இல் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மொஸ்கோவுக்கும் போகுமுன், பருக் ஃபிஷ்ஹொஃபும் ரூத் பேத்தும் மாணவர்களிடம் என்னென்ன நடக்கும் என்று நிகழ்தகவு எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, 'அன்று என்ன எழுதினீர்கள்?' என்று கேட்டார்கள். நடந்தவற்றுக்கு, எழுதியதைவிடக் கூடிய எண்ணையே தாங்கள் எழுதியதாகப் பெரும்பாலானோர் நினைவுகூர்ந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. விளைவு தெரிந்தவுடன் ஞாபகம் பழைய பக்கத்தைத் திருத்தி எழுதிவிடுகிறது. 'எனக்கு அப்பவே தெரியும்' என்பவரோடு வாதாடிப் பயனில்லாதது இதனால்தான்: அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் ஞாபகம்.

மருந்து ஒன்றே ஒன்று. விளைவுக்கு முன் எழுதி வைப்பது. 80 பக்கக் கொப்பி ஒன்று எடுத்து ஆறு நிரல் கோடு போடுங்கள்: திகதி, கேள்வியும் முடிவு நாளும், ஓம் என்று நடக்க எத்தனை வீதம், எதைக் கண்டு அப்படிப் பட்டது, வழக்கமாக இது நூற்றுக்கு எத்தனை தரம் நடக்கும், விளைவு. பட்ட அரை நிமிடத்துக்குள், வேறு யாரிடமும் கேட்குமுன் எழுதவேண்டும். வீதத்துக்கு 10, 30, 50, 70, 90 என்ற ஐந்து மட்டும் போதும். 73 என்று எழுதுவது வீண் நுணுக்கம்.

கேள்வி எழுதுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'இந்த ஆள் சரிவரமாட்டார்' என்பது கேள்வி அல்ல, எந்த விளைவையும் அதற்குள் திணிக்கலாம். 'இவர் மார்ச் 31க்குள் வேலையை விடுவார்: ஓம், இல்லை' என்பது கேள்வி. நீங்களே விளைவை நகர்த்தக்கூடிய கேள்வியும் வேண்டாம். ஒருவரைப் பிடிக்காது என்று பட்டு, அதற்கேற்ப அவரோடு கதைத்தால் அவர் விட்டுப் போவார்தான். அங்கே பலித்தது உள்ளுணர்வு அல்ல.

கணக்கு எளிது. க்ளென் பிரையர் 1950இல் வானிலை முன்னறிவிப்பைச் சரிபார்க்கச் சொன்ன முறை. வீதத்தைத் தசமமாக்கி, நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்பதிலிருந்து கழித்துச் சதுரியுங்கள். 90 என்று எழுதி நடந்தால் 0.01. 90 என்று எழுதி நடக்காவிட்டால் 0.81. எப்போதும் 50 என்று எழுதுகிற சோம்பேறிக்கு 0.25. உங்கள் சராசரி 0.25க்குக் கீழே இருந்தால் நாணயத்தை வென்றுவிட்டீர்கள். அது போதாது, ஐந்தாம் நிரலில் எழுதிய வழக்கமான வீதத்துக்கும் அதே கணக்கைப் போடுங்கள். பின்னேரம் புறக்கோட்டைப் பக்கம் வீதி நெரிசல் என்று ஊகிக்க உள்ளுணர்வு தேவையில்லை. வழக்கமான வீதத்தை வென்ற அளவுதான் உங்களுடையது.

அவசரப்பட்டு முடிவெடுக்கவேண்டாம். சும்மா நாணயம் சுண்டினாலும் 10க்கு 7 அல்லது அதற்கு மேல் சரிவர 17% வாய்ப்பு உண்டு. 40க்கு 28 சரிவருவது, வெறும் தற்செயலாக என்றால், 1% அளவுக்குக்கூட வராது. ஒரு துறைக்கு 40 வரியாவது சேரட்டும்: நாளுக்கு ஒன்று என்றால் ஆறு வாரம். துறைகளைக் கலக்கக்கூடாது. ஆட்கள் பற்றி, காசு பற்றி, நேரம் பற்றி, வீட்டார் சுகம் பற்றி என்று தனித்தனிப் பக்கம். ஒருவருக்கு ஒரு துறையில் 0.12உம் இன்னொன்றில் 0.31உம் வரலாம். நான்கு எழுத்தால் இதைக் காட்ட முடியாது. அது ஆள் முழுவதற்கும் ஒரே முத்திரை.

கொப்பி நிரம்பியதும் நாலாம் நிரலை, 'எதைக் கண்டு' என்பதை மட்டும் தனியே வாசியுங்கள். 'தொலைபேசியில் இரண்டு தரம் விலையை மாற்றிச் சொன்னார்' என்ற மாதிரி வரிகள் ஒரு பக்கம் ஒதுங்கும். 'சும்மா பட்டது' என்று எழுதிய வரிகள் மறுபக்கம். இரண்டுக்கும் தனித்தனிச் சராசரி எடுங்கள். 'சும்மா பட்டது' தோற்றால் அந்தத் துறையில் இனி அதற்குக் காது கொடுக்கவேண்டாம். வென்றால், அடுத்த 40 வரிக்கு அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன இருந்தது என்று க்ளைன் கேட்ட மாதிரித் துருவிக் கேளுங்கள்: என்ன சத்தம், என்ன மணம், எதை எதிர்பார்த்து எது வரவில்லை.